பானு சாய்ந்த பக்கம்

கொசப்பாளையம், ஆரணி
22-6-1998

அண்ணி அவர்களுக்கு,

கன்னியம்மாள் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் தம்பி நலம். நானும் இருக்கிறேன். பானுப்ரியாவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மன்னிப்புக் கடிதம் இல்லை. படவேட்டில் அவள் காதுகுத்து அன்றைக்கு நான் பேசியது பேசியதுதான். பந்தி நடக்கும்போது அத்தனை பேருக்கு நடுவில், "கொழந்த கழுத்து ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது, பாத்தியா" என்று நீங்கள் கேட்டதும் கேட்டதுதான். இரண்டு வருடமாக அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. இப்போது எரிவது வேறு காரணத்துக்கு. நீங்கள் சொன்னது சரியாகப் போய்விட்டது.

இந்த மாதம் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். பத்தாவது நாளே டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். நேராக நில் என்றால் நிற்கிறாள், ஆனால் தலை மட்டும் இடது தோள் பக்கம் போய்விடுகிறது என்றார். பிள்ளைகள் 'கோணக்கழுத்து' என்று பேர் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அம்மா, என் கழுத்து இன்னாம்மா பண்ணிச்சி?" என்று கேட்டாள்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, கோடை லீவிலேயே மருத்துவம் ஆரம்பித்துவிட்டோம். தேவிகாபுரத்தில் சுளுக்கு எடுப்பவரிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எண்ணெய் போட்டு நீவினார். போகும்போதெல்லாம் பஸ்ஸிலேயே அழுதாள். தலை நிமிரவில்லை. பிறகு இங்கே ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் குற்றம் இல்லையாம், தசை சுருங்கியிருக்கலாமாம். ஆறு வாரம் கழுத்துப்பட்டை போட வேண்டும், அப்படியும் நிமிராவிட்டால் கழுத்தில் அந்தத் தசையை வெட்டித் தளர்த்த வேண்டியிருக்கும் என்கிறார். கழுத்தில் கத்தி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்னைத்தான் சொல்கிறார்கள். பிள்ளையைத் தறிக்கு ஓரமாக, அதுவும் எப்போதும் ஒரே பக்கத்தில் உட்கார வைத்து வேலை பார்த்தாய், அதனால்தான் கழுத்து அப்படியே நின்றுவிட்டது என்கிறார்கள். உங்கள் தம்பி வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் போன வாரம் அவள் உட்காரும் பலகையை எடுத்து வலது பக்கம் போட்டார். சொன்னால்தானா?

அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் என்ன பார்த்தீர்கள், எப்போதிருந்து பார்த்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். டெலிபோன் பூத்திலிருந்து உங்கள் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் செய்திருக்கலாம். நீங்கள் பேசாமல் வைத்துவிட்டால் எனக்குத் தாங்காது. கடிதம் என்றால், பதில் வராவிட்டாலும் தபால்காரர் மேல் பழி போட்டுக்கொள்ளலாம்.

கன்னியம்மாள்


வில்லிவாக்கம், சென்னை
28-6-1998

கன்னியம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. இன்லண்டைப் பிரிக்கும்போது ஓரம் கொஞ்சம் கிழிந்தது, அது என் அவசரம்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். 1996 பொங்கலுக்கு நீங்கள் மூன்று பேரும் இங்கே வந்திருந்தபோது பானுவுக்குக் காலர் வைத்த கவுன் ஒன்று தைத்தேன். போட்டுப் பார்த்தால் காலர் இடது பக்கம் மடங்கி ஒதுங்கியது. என் வெட்டுதான் கோணல் என்று நினைத்துப் பிரித்துத் தைத்தேன். மறுபடியும் ஒதுங்கியது. இருபது வருடமாகத் தைக்கிறேன், எனக்கே கோபம் வந்துவிட்டது. மறுபடி பிரித்தேன். மூன்றாவது தடவைதான் கவுனை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்தேன். அளவு நோட்டைத் தேடி எடுத்துவிட்டேன், இதோ எதிரில் இருக்கிறது. 'பானு, தை மாதம். காலர் இடது பக்கம் கால் அங்குலம் குறைக்க' என்று எழுதி வைத்திருக்கிறேன். அவள் தறி ஓரம் உட்கார ஆரம்பித்தது அதற்கு முன்பா பின்பா என்று உனக்குத்தான் தெரியும்.

நாலு மாதம் மனசுக்குள்ளேயே வைத்திருந்து, சொல்லக்கூடாத இடத்தில் சொன்னேன். அது என் தப்பு. அதை எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டேன், உன்னிடம் சொல்லத்தான் வாய்ப்பு வரவில்லை. ஆனால் அதற்கு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "பெறாத கண்ணு பட்டா கழுத்து மட்டுமா கோணும்" என்றாய். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் ஊரார் எத்தனையோ பேசிவிட்டார்கள். அதெல்லாம் தெருவோடு போய்விட்டது. நீ சொன்னது மட்டும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, விடு. கழுத்தை வெட்ட மட்டும் அவசரப்படாதே. ஒரு முழத் துணியை வெட்டவே நாலு தடவை அளக்கிறோம்.

சின்னம்மாள்


ஆரணி
9-7-1998

அண்ணி அவர்களுக்கு,

பொங்கலுக்கு முன்பு அவள் தறிக்கு ஓரமாக உட்கார்ந்ததே இல்லை. காதுகுத்து முடிந்து, அந்த ஆடியில்தான் பலகை போட்டுக்கொடுத்தேன். உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உங்கள் தம்பி தட்டினார், திறக்கவில்லை. பிறகு திறந்து அளவு நோட்டு விஷயத்தைப் படித்துக் காட்டினேன். பலகையை எடுத்துப் பழைய இடத்திலேயே போட்டார்.

நான் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். நினைவிருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

பட்டை போட்டுப் பதினாறு நாள் ஆகிறது. அதைப் போட்டால் தலை நேராகத்தான் நிற்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது. பிள்ளைதான் உருப்படியாக இல்லை. பள்ளிக்கூடப் படியில் இரண்டு முறை விழுந்துவிட்டாள். முழங்காலில் நல்ல காயம். டம்ளரில் தண்ணீர் ஊற்றச் சொன்னால் வெளியே ஊற்றுகிறாள். பட்டை போட்டிருப்பதால் குனிந்து பார்க்க முடியவில்லை, போகப் போகப் பழகிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

இன்னொன்று, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. போன சனிக்கிழமை பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். தறியில் நெடுக்கே ஓடும் பழைய பாவு நூல் தீர்ந்ததும் புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக அதன் நுனியோடு சேர்த்து முறுக்கும் பேஜார் பிடித்த வேலை, நீங்களும் இந்த வீட்டில் பிறந்தவர்தானே. பானு ஓரத்தில் உட்கார்ந்து அடுத்த இழையை விரல் வைத்துக் காட்டுவாள். அவளுக்கு அது விளையாட்டு, எனக்கும் உதவி. அன்றைக்குப் பட்டையோடு உட்கார்ந்தவள், "அம்மா, இங்க ரெண்டு இழை கீது" என்றாள். இரட்டை இழை ஓடிவிட்டால் புடவை நெடுகக் கோடு விழும், முதலாளி திருப்பி அனுப்பிவிடுவார். பதறிப்போய் விரலால் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இரண்டு என்றாள். மறுபடியும் பார்த்தேன், ஒன்றுதான். மூன்றாம் தடவை, "மேல ஒண்ணு, கீழ ஒண்ணு கீதும்மா" என்று சாதித்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து அவள் கையில் ஒரு அடி வைத்துவிட்டேன்.

அப்புறம் பரிதாபப்பட்டுப் பட்டையைக் கழற்றிவிட்டேன். உடனே தலையைச் சாய்த்துக்கொண்டு சாதுவாக இழை காட்டினாள். ஒரு தப்பு இல்லை. பட்டை போட்ட கோபத்தில்தான் பொய் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

இன்னும் நாலு வாரம் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை அண்ணி.

கன்னியம்மாள்


வில்லிவாக்கம்
13-7-1998

கன்னியம்மாளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அவள் பொய் சொல்லவில்லை.

நீ பாவைப் பிரித்துப் பார்த்தாய். நான் அன்றைக்குக் கவுனைப் பிரித்தேன். இரண்டு பேரும் பிள்ளையைத்தான் பார்க்கவில்லை. பட்டை போட்டால் இரண்டு தெரிகிறது, தலையைச் சாய்த்தால் ஒன்று தெரிகிறது என்று அவள் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

என்னிடம் ரவிக்கை தைக்க வரும் நிஷா என்ற பெண் இங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். நம் பக்கத்துப் பெண்தான், தேசூர் ஜைனக் குடும்பம். நேற்று அவளுக்குக் கை அளவு பார்த்துக்கொண்டே உன் கடிதத்தைச் சொன்னேன். அளவு டேப்பைப் பிடித்து நிறுத்திவிட்டாள். சில குழந்தைகளுக்கு ஒரு கண்ணைத் திருப்பும் தசை பிறவியிலேயே சோர்ந்திருக்குமாம். அதனால் இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் பார்க்காதாம். ஒரு பொருள் மேலும் கீழுமாக இரண்டாகத் தெரியுமாம். தலையை ஒரு பக்கம் சாய்த்தால் அது ஒன்றாகிவிடும் என்று குழந்தை தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளுமாம். கழுத்து சும்மா இருக்கும், கண்தான் அதைச் சாய்க்கும். பானுவுக்கும் அதுதான் என்று அவள் சொல்லவில்லை, பார்க்காமல் சொல்லக்கூடாது என்றாள். ஆனால் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி சொன்னாள்.

பட்டையைக் கழற்றிவிடு. ஒரு கண்ணை மட்டும் துணியால் கட்டு, இறுக்காதே. எதிரே டிவியைப் போட்டுவிடு. தலையைத் தொடாதே, நேராக உட்கார் என்று சொல்லாதே, முறைத்துக்கூடப் பார்க்காதே. ஒரே கண்ணால் பார்க்கும்போது எல்லாம் ஒன்றாகத்தானே தெரியும்? அப்போது சாய்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்காது. தலை தானாக நிமிர்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது. நிமிர்ந்தால் கழுத்துக்குக் கத்தி வேண்டாம்.

ஜல்தியாகச் செய். நான் இங்கே மெஷினில் உட்கார்ந்தால் ஊசி கையில் ஏறுகிறது.

சின்னம்மாள்


ஆரணி
17-7-1998

அண்ணி,

நிமிர்ந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் உங்கள் தம்பியின் கைக்குட்டையை மடித்து அவளுடைய வலது கண்ணில் கட்டினேன். கண்ணாமூச்சி என்று சொன்னேன். டிவியில் ஏதோ பாட்டு ஓடியது. நான் அரிசி பொறுக்குவது போல முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் இல்லை, சாய்ந்தே இருந்தாள். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், தோளை விட்டுத் தலை விலகியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நேராக உட்கார்ந்திருந்தாள் அண்ணி, கழுத்தில் பட்டை இல்லை, யாரும் பிடிக்கவில்லை. முறத்திலிருந்த அரிசியெல்லாம் கீழே கொட்டிவிட்டேன்.

உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன். தறிக் குழியிலிருந்து ஏறி வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "யாரும் தொடல இல்ல?" என்று என்னைக் கேட்டார். கைக்குட்டையை அவிழ்த்தேன். தலை மறுபடி சாய்ந்தது. கட்டினேன், நிமிர்ந்தது. மூன்று முறை செய்தோம். மூன்றாம் முறை அவரே கட்டினார். பட்டையை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டார்.

பிறகு அவளை மடியில் போட்டுக்கொண்டு, ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாருக்கும் அப்பிடித்தான்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "அன்னிக்கு சொன்னேன், நீ அடிச்சிட்டே" என்றாள்.

அந்தக் கையைப் பிடித்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஐந்து வயதுப் பிள்ளை, சரி என்று சொல்லிவிட்டு மறுபடி டிவி பார்க்கப் போய்விட்டாள். பெரியவர்களிடம் கேட்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

எப்போது கூட்டி வரட்டும்?

கன்னியம்மாள்


வில்லிவாக்கம்
21-7-1998

கன்னியம்மாளுக்கு,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்துப் பார்த்துக் காது மந்தமாகிப் போன மனிதர், 'நிமிர்ந்துவிட்டது' என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கினார். பிறகு தெருமுனைக்குப் போய் ஜாங்கிரி வாங்கி வந்தார்.

நிஷா டாக்டரிடம் பேசிவிட்டாள். ஆகஸ்ட் 5, புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். முந்தின நாளே வந்துவிடுங்கள். நம் வீட்டில்தான் தங்க வேண்டும், லாட்ஜ் கீட்ஜ் என்று பேச்செடுத்தால் தம்பி ஜெயவேலுவோடு நான் பேச மாட்டேன்.

எக்ஸ்ரேவைக் கொண்டு வா. முக்கியமாக, பானு கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த போட்டோ வேண்டுமாம். இது பிறவியிலேயே வந்ததா, நடுவில் வந்ததா என்று டாக்டர் முதலில் பழைய படத்தில்தான் பார்ப்பாராம். நடுவில் வந்தது என்றால் தலைக்குள் வேறு ஏதாவது கோளாறா என்று தேட வேண்டியிருக்குமாம். இதைச் சொல்லி உன்னைப் பயமுறுத்தவில்லை. படம் முக்கியம் என்பதற்காக எழுதுகிறேன்.

பத்து மாதத்தில் ஸ்டுடியோவில் எடுத்தது உன்னிடம் ஒரு காப்பி இருக்குமே, அதைக் கொண்டு வா.

சின்னம்மாள்


ஆரணி
25-7-1998

அண்ணி அவர்களுக்கு,

நான்காம் தேதி காலை பஸ்ஸில் வருகிறோம். தீபாவளிச் சரக்கு நெய்ய வேண்டியிருப்பதால் தறியை நிறுத்த முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் தம்பி அவரிடம் இரண்டு நாள்தான் கேட்டு வாங்கியிருக்கிறார்.

போட்டோ விஷயம். இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

படம் என்னிடம் இருக்கிறது, ஆனால் முழுசாக இல்லை. படவேட்டிலிருந்து வந்த அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்து அதில் உங்களை வெட்டி எறிந்தேன். பானு உங்கள் மடியில் இருந்தாளே, ஒட்டி வெட்டியதில் அவள் இடது தோளும் காதும் உங்களோடு போய்விட்டது. மீதி இருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முகம் மட்டும் தெரிகிறது, தோள் இல்லாமல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாள் என்று ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவள் ஒரு வயதுக்குள் எடுத்த ஒரே படம் அதுதான்.

என் பிள்ளைக்கு வேண்டிய சாட்சியை நானே வெட்டிப் போட்டேன். உங்கள் மேல் இருந்த கோபம் யார் மேல் விழுந்தது பாருங்கள். 'பெறாத கண்ணு' என்று சொன்னேன். பெற்ற கண்ணுக்கு ஐந்து வருடமாக ஒன்றும் தெரியவில்லை.

முதல் கடிதத்தில் இது மன்னிப்புக் கடிதம் இல்லை என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். நான் சொன்னது பாவம், என்னை மன்னித்து அதைத் தள்ளிவிடுங்கள். உங்களிடம் இருந்த காப்பியை நீங்களும் என்னைப் போல ஏதாவது செய்திருந்தால் நான் கேட்க மாட்டேன், எனக்கு அந்த உரிமை இல்லை. செய்யாமல் இருந்தால் அதைக் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

கன்னியம்மாள்


வில்லிவாக்கம்
29-7-1998

கன்னியம்மா,

என் காப்பி இருக்கிறது. மெஷினுக்கு எதிரே சுவரில்தான் ஐந்து வருடமாக மாட்டியிருக்கிறது. சண்டைக்குப் பிறகு ஒரு தடவை திருப்பி மாட்டினேன். அடுத்த நாளே நேராக மாட்டிவிட்டேன், வெற்று அட்டையைப் பார்த்துக்கொண்டு தைக்க முடியவில்லை. சுவரிலிருந்து அதை இறக்க மனசு வராமல்தான் உன் காப்பியைக் கேட்டேன்.

உன் கடிதம் வந்ததும் அதை இறக்கித் துடைத்துப் பார்த்தேன். பத்து மாதக் குழந்தை, என் வலது தொடையில் உட்கார்ந்திருக்கிறாள். தலை இடது பக்கம் நன்றாகச் சாய்ந்து என் நெஞ்சில் படுகிறது. பிறவியிலிருந்தே இருக்கிறது கன்னியம்மா. தறியும் காரணமில்லை, நீயும் காரணமில்லை. நிஷாவிடமும் காட்டிவிட்டேன், இது போதும் என்றாள். தலைக்குள் தேடுகிற வேலை இருக்காது என்று நினைக்கிறாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அன்றைக்கு ஸ்டுடியோவில் நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றீர்கள், அவள் என் மடியில் உட்கார்ந்து என் பக்கம் சாய்ந்தாள். பெற்றவளை விட்டு என் மேல் சாய்கிறாளே என்று எனக்கு அவ்வளவு பெருமை. ஐந்து வருடமாக அந்தப் படத்தைப் பார்த்து அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது ஏதாவது சொன்னால் வந்து அதைப் பார்ப்பேன். இப்போது பார்த்தால் அது கண்ணில் இருக்கும் கோளாறு. அந்தப் பக்கம் ஒரு தூண் இருந்திருந்தாலும் அவள் சாய்ந்திருப்பாள். டாக்டருக்கு வேண்டியது அந்தப் படத்தில் இருக்கிறது. எனக்கு வேண்டியதுதான் அதில் இல்லை என்று ஆகிவிட்டது.

போகட்டும், பிள்ளைக்கு நல்லதானால் சரி. நீ சொன்னதை நான் தள்ளிவிட்டேன். நீயும் தள்ளிவிடு. வெட்டிய படத்தைக் கொண்டு வா, நேராகவாவது வெட்டியிருக்கிறாயா என்று பார்க்க வேண்டும்.

பானுவுக்கு என்ன பிடிக்கும் என்று எழுது. இரண்டு வருடத்தில் மாறியிருக்கும்.

சின்னம்மாள்


ஆரணி
2-11-1998

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியமாக ஊர் வந்து சேர்ந்தோம். ஆகஸ்டில் டாக்டர் சொன்ன கண் தசை ஆபரேஷனுக்காக ஒரு மாதம் உங்கள் வீட்டில் இருந்துவிட்டு வந்ததில், இந்த வீடு எனக்கே அந்நியமாக இருக்கிறது. தீபாவளிக்கு ஊருக்கெல்லாம் பட்டு நெய்த நாங்கள் ஆஸ்பத்திரிக்கும் வில்லிவாக்கத்துக்குமாக அலைந்து, நீங்கள் தைத்த சீட்டித் துணியைத்தான் கட்டிக்கொண்டோம். அதுதான் நல்ல தீபாவளி என்று உங்கள் தம்பி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆபரேஷன் அன்றைக்கு வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தை நீங்கள் பார்த்தீர்களே, அந்த மனிதர்தானா என்று இருக்கிறது.

கண் சிவப்பு முழுக்கப் போய்விட்டது. சொட்டு மருந்து வேளை தவறாமல் விடுகிறேன். இன்றைக்குப் பள்ளிக்கூடம் போனாள். டீச்சர் அவளை வரிசையில் முன்னால் நிற்க வைத்தாராம். 'கோணக்கழுத்து' என்று கூப்பிட்ட பையன் இப்போது எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் விழிக்கிறானாம்.

டாக்டர் சொன்னது மறக்கவில்லை. பழக்கம் விட்டுப்போகக் கொஞ்ச நாள் ஆகும், சிலருக்கு இன்னொரு ஆபரேஷன்கூட வேண்டியிருக்கும் என்றாரே. அதனால் என் கண் இருபத்து நாலு மணி நேரமும் அவள் தலை மேலேதான். தூக்கக் கலக்கத்தில் மட்டும் லேசாக இடது பக்கம் போகிறது. நான் தொடுவதில்லை, திட்டுவதில்லை.

கிளம்பும் முந்தின நாள் நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது நீங்களும் அவளும் ஸ்டுடியோவுக்குப் போனீர்களாமே. படம் வந்ததும் எங்களுக்கு ஒன்று அனுப்புங்கள்.

கன்னியம்மாள்


வில்லிவாக்கம்
10-11-1998

கன்னியம்மா,

படம் வந்துவிட்டது, இதோடு வைத்திருக்கிறேன். பார்த்தாயா? சாய்ந்திருக்கிறாள்.

ஸ்டுடியோக்காரரிடம் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டு வந்துதான் பார்த்தேன். அன்றைக்கு அவர் "பாப்பா, நேரா பாரு" என்று சொல்லச் சொல்ல நேராகத்தான் நின்றாள், நான்தான் சரியாகக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அவ்வளவு பாடுபட்டதும் வீணாகிவிட்டதா? பழைய படத்தை இதற்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்க்கிறேன். அதே போலச் சாய்ந்திருக்கிறாள், என் மேல்தான். என் வீட்டுக்காரர், ஒரு படத்தை வைத்துக்கொண்டு குதிக்காதே என்கிறார். நிஷா ஊருக்குப் போயிருக்கிறாள், வெள்ளிக்கிழமைதான் வருவாள்.

அங்கே எப்படி இருக்கிறாள்? பகலிலும் சாய்கிறதா? மறைக்காமல் எழுது. இழை ஒன்றாகத் தெரிகிறதா என்று கேள். வேண்டுமானால் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நானே டாக்டரைப் போய்ப் பார்க்கிறேன். நீ பயப்படாதே, நான் பயப்படுவது போதும்.

சின்னம்மாள்


ஆரணி
14-11-1998

அன்புள்ள அண்ணிக்கு,

டாக்டரிடம் போக வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் ஒரு நிமிடம் உயிர் போய்த்தான் வந்தது. அப்புறம் படத்தைப் பார்த்தேன். கால் அங்குலக் கோணலைக் காலரில் கண்டுபிடித்த உங்களுக்கு வலது எது இடது எது என்று தெரியவில்லையே, இதை நான் ஊர் பூராவும் சொல்லப்போகிறேன்.

பழைய படத்தில் அவள் உங்கள் வலது தொடையில் உட்கார்ந்திருக்கிறாள். இடது பக்கம் சாய்ந்தால் உங்கள் மேல்தான் படும். இந்தப் படத்தில் உங்கள் இடது கைப்பக்கம் நிற்கிறாள். அவள் கோளாறு போகாமல் இருந்தால் தலை இடது பக்கம், உங்களை விட்டு வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. வலது பக்கம் சாய்ந்து உங்கள் கையில் முட்டிக்கொண்டு நிற்கிறாள். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் அவள் சாய்ந்து நான் பார்த்ததே இல்லை அண்ணி.

பகலில் சாய்வது அடியோடு நின்றுவிட்டது. இன்று காலை பாவு பிணைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தாள், பட்டையும் இல்லை, சாய்வும் இல்லை. நூற்றுக்கு மேல் இழை காட்டினாள். எத்தனை தெரிகிறது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததில் அவளுக்கே அலுத்துப்போய், "ஒண்ணுதாம்மா, எத்தினி வாட்டி கேப்பே" என்றாள்.

உங்கள் படத்தைக் காட்டி, கண்ணுதான் சரியாயிடுச்சே, போட்டோவில் ஏன் தலையைச் சாய்த்தாய் என்று கேட்டேன். உங்களுக்காக அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாளிக்கு ஊருக்குப் போறோம்னு அத்தை அழுதுகினு இருந்தாங்க. போட்டோக்காரருக்குத் தெரியாம தொடச்சிகினாங்க. அதான் சாஞ்சேன்."

கன்னியம்மாள்